இறந்தவர் மீதும் கோபமா?
கிரேக்க நாடகத்தில் ஒரு பிடிவாத அரசன். புதுக்கோட்டையில் ஒரு ராஜாவின் கதை

போரில் இறந்த ஒருவனின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று ஓர் அரசன் ஆணையிட்டான். மீறினால் மரண தண்டனை!

அந்த அரசன் பெயர் கிரியோன். கிரேக்க நாட்டுத் தீப்ஸ் நகரை ஆண்டவன். சுமார் 2,450 ஆண்டுகளுக்கு முன் சோபாக்ளீஸ் என்ற கவிஞர் எழுதிய "ஆண்டிகனி" நாடகத்தில் வருகிறான்.

தங்கையின் துணிவு

அரியணைக்காக அண்ணன் தம்பி இருவர் போரிட்டார்கள். இருவரும் மாண்டார்கள். அவர்களுடைய தாய்மாமனான கிரியோன் அரசன் ஆனான். ஒருவனை மரியாதையுடன் அடக்கம் செய்தான். மற்றவன் அயலார் படையோடு வந்தவன். அவன் உடலை நாய்க்கும் பறவைக்கும் இரையாக விட்டான்.

உடன்பிறந்த ஆண்டிகனிக்கு மனம் பொறுக்குமா? ஆணையை மீறினாள். அண்ணன் உடல் மீது மண் தூவினாள். காவலர் பிடித்தனர். அவளை உயிரோடு குகையில் அடைக்கச் சொன்னான் கிரியோன்.

அவளை மணக்க இருந்தவன் யார் தெரியுமா? அரசனின் சொந்த மகன்! ஊரே அவளுக்காக வருந்துகிறது என்று மகன் எடுத்துச் சொன்னான். தந்தை கேட்கவில்லை. சொன்ன சொல்லை மாற்றினால் மானம் போய்விடும் என்று நினைத்தான். பிறகு கண்ணில்லாத முதிய குறிசொல்லி ஒருவர் வந்து எச்சரித்தார். அப்போதுதான் அரசன் பயந்தான்.

குகைக்கு ஓடினான். ஆனால் காலம் கடந்துவிட்டது. ஆண்டிகனி தூக்கிட்டு மாண்டிருந்தாள். மகன் வாளால் குத்திக்கொண்டான். செய்தி கேட்ட அரசியும் உயிரை விட்டாள்.

நம் பக்கத்திலும்...

இது கதை. ஆனால் நம் நாட்டிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் குன்றாண்டார்கோவில் என்று ஓர் ஊர். பாறையைக் குடைந்த பழைய சிவன் கோவிலும், குதிரைகள் இழுக்கும் தேர் போன்ற கல் மண்டபமும் அங்கே உண்டு. அந்த ஊர் முன்பு தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது.

அந்தச் சமஸ்தானத்தின் ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். 1886-ல் சிறுவனாக இருந்தபோதே பட்டத்துக்கு வந்தவர். 1915-ல் ஆஸ்திரேலியாவில் மோலி பிங்க் என்ற பெண்ணை மணந்தார். வெள்ளைக்காரப் பெண் இந்திய ராஜாவுக்கு மனைவியா? ஆங்கில அரசு முகம் சுளித்தது. அவரை ராணியாக ஏற்க மறுத்தது. 1916-ல் பிறந்த மகனுக்கும் பட்டத்துரிமை இல்லை என்றது.

ராஜாவும் விட்டுக் கொடுக்கவில்லை. மனைவியைக் கைவிட மாட்டேன் என்று நின்றார். நாட்டைத் தம் உடன்பிறந்தவர் பொறுப்பில் விட்டு, கடல் கடந்து வாழ்ந்தார். ராஜா ஒரு பக்கம், குடிமக்கள் ஒரு பக்கம் என்று ஆயிற்று.

உடலுக்கும் தடை!

1928 மே மாதம் ராஜா பாரிஸ் நகரில் காலமானார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர ஆங்கில அரசு அனுமதி தரவில்லை. லண்டனில் தகனம் நடந்தது. ஒரு நாட்டின் மன்னருக்குச் சொந்த மண்ணில் கொள்ளி வைக்கும் பேறு கிடைக்கவில்லை!

அரச குடும்பத்தின் வேறு கிளையைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபால தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார்.

ராஜா செய்தது சரியா, தவறா என்று வாதிடலாம். உயிரோடு இருந்தவரைத் தண்டித்ததற்கும் அரசு ஏதேனும் காரணம் சொல்லலாம். ஆனால் இறந்தவர் என்ன பதில் சொல்வார்? அவரோடு இனி என்ன பகை? கிரியோன் செய்த தவறு இதுதான். ஆங்கில அரசு செய்ததும் இதுதான்.

நாடகத்தில் கிரியோன் கடைசியில் மனம் மாறினான், பிந்திவிட்டான். ஆங்கில அரசோ மனம் மாறவே இல்லை. ஆனாலும் அதன் அதிகாரம் நிலைக்கவில்லை. 1947-ல் அது போயிற்று. 1948 மார்ச் 3-ந் தேதி புதுக்கோட்டைச் சமஸ்தானமும் இந்தியாவோடு இணைந்தது.

வீட்டுத் தலைவருக்கும் நாட்டுத் தலைவருக்கும் பாடம் ஒன்றே. விட்டுக் கொடுக்க வேண்டிய நேரத்தில் விட்டுக் கொடுக்க வேண்டும். சாவுக்குப் பிறகும் நீளும் கோபத்தால் யாருக்கும் வெற்றி இல்லை.