பேத்திக்கு வாசிக்கப் போய்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் 31 வருஷம் கமிஷன் கடைக் கணக்கு எழுதியவன் நான். கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தது அறுபது வயதுக்கு மேல்தான். நாலாம் வகுப்புப் பேத்திக்கு ராத்திரி வாய்விட்டு வாசிக்கும் வேலையை மருமகள் என்னிடம் ஒப்படைத்தாள். முதலில் கிடைத்தவை எல்லாம் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி முடிகிற புத்தகங்கள். இரண்டு பேருக்கும் கொட்டாவி வந்தது.

பிறகுதான் 'டோட்டோ-சான்' வந்தது. ஜப்பானிய நடிகை தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளிவந்த புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. பாடம் நடக்கும்போது ஜன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டது போன்ற காரணங்களுக்காகப் பள்ளியைவிட்டு அனுப்பப்பட்ட சிறுமிதான் டோட்டோ-சான். அம்மா அவளை ரயில்பெட்டிகளில் வகுப்பு நடக்கும் டோமோயி பள்ளிக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே தலைமையாசிரியர் கோபயாஷி, அவள் பேசப் பேச நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார்.

ஒருநாள் அவளுடைய பர்ஸ் கக்கூஸுக்குள் விழுந்துவிடுகிறது. நீளக் கைப்பிடி வைத்த அகப்பையோடு வந்து, கழிவுக் குழியைத் திறந்து அள்ளி வெளியே கொட்டுகிறாள். குவியல் ஏறிக்கொண்டே போகிறது. அந்தப் பக்கமாக வந்த தலைமையாசிரியர் என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். தேடி முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான்.

பேத்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"சார் அடிக்கலயா, தாத்தா?"

"அடிக்கல, தாயி."

"ஏன்?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்றாம் வகுப்பில், மேற்கே மலையில் மழை இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததற்குப் புறங்கையில் ஸ்கேலால் அடி வாங்கியவன் நான். இத்தனை வருஷமும் அது என் தப்பு என்றே நினைத்திருந்தேன்.

அடுத்து 'குட்டி இளவரசன்'. பிரெஞ்சில் செந்த் எக்சுபெரி எழுதி 1943இல் வெளிவந்ததை, ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் நேரே தமிழுக்குக் கொண்டுவர, க்ரியா வெளியிட்டது. அதில் ஒருவர் நட்சத்திரங்களைக் கூட்டிக் கூட்டி, தொகையைச் சீட்டில் எழுதி டிராயரில் பூட்டிவைப்பார். அந்த இடத்தில் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மறுநாள் திண்ணையில் தனியாக உட்கார்ந்து அதை இன்னொரு தடவை வாசித்தேன். மகன் பேத்தியின் வயதில் இருந்தபோது ராத்திரி என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்பது எதுவும் நினைவில் இல்லை. அன்றைய எலுமிச்சை விலை நினைவிருக்கிறது.

தூரதேசத்துக் கதைதான் வேண்டும் என்றில்லை. இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' இருக்கிறது. பறவை முட்டைகளைச் சேகரிக்கும் வெங்கடேசுவின் கதை. நம் பக்கத்துப் பேச்சு என்பதால் வாசிக்க நாக்கு தடுக்காது. கோவில்பட்டி உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடிக்கே கூட்டிப்போகும். 2023இல் சாகித்திய அகாடமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். வாங்கும்போது நடுவில் ஒரு பக்கத்தை மெல்ல வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உங்களுக்கே அடுத்த பக்கம் புரட்டத் தோன்றினால், தயங்காமல் வாங்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது டோட்டோ-சான் மூன்றாவது சுற்று. பர்ஸ் விழும் இடம் வந்ததும் பேத்தி புத்தகத்தை வாங்கிக்கொள்கிறாள். எழுத்துக்கூட்டி அவள் வாசிக்கிறாள், நான் கேட்கிறேன். பர்ஸ் கடைசிவரை கிடைப்பதில்லை.