மிகையும் பிழையே

விருதுநகர் வாணிகத்தால் புகழ்பெற்ற ஊர். சிவகாசி தீப்பெட்டியாலும் பட்டாசாலும் பெயர் பெற்றது. கடைத்தெருவில் தராசு பிழைத்தால் பொருள் நட்டமாகும்; பட்டாசு ஆலையில் அளவு பிழைத்தால் உயிரே போகும். ஓர் அறையில் எவ்வளவு மருந்துக் கலவை இருக்கலாம், எத்தனை பேர் பணிபுரியலாம் என்பதற்கெல்லாம் அங்கே விதி உண்டு. குறைவு மட்டுமன்று, மிகையும் பிழையே என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மை மதிப்பெண்ணுக்கும் பொருந்தும். மதிப்பெண் குறைந்தால் மறுகூட்டல் வேண்டுகிறோம். திருத்தப்பெற்ற விடைத்தாளைக் காணும் உரிமை தேர்வு எழுதியவர்க்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையால் நமக்குச் சாதகமான பிழையும் ஒருநாள் கண்ணில் படலாம். அப்பொழுது செய்யத்தக்கது யாது?

பட்டாசுத் தொழிலாளி ஒருவரின் மகள் கல்லூரியில் வேதியியல் பயில்கிறாள் என்று கொள்வோம். தேர்ச்சிக்கு 40 வேண்டும். அவள் பெற்றதாகப் பட்டியலில் உள்ளது 63. இன்னும் சில மதிப்பெண் கிடைக்குமா என்று விடைத்தாளின் படியை வாங்கிப் பார்க்கிறாள். அதில் கூட்டுத்தொகை 36! இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. இவ்வாறு மாறினால் வேறுபாடு ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கர் அறிந்த நுட்பம். இங்கு வேறுபாடு 27.

உண்மையைச் சொன்னால் தேர்ச்சி போகும். கட்டணம் செலுத்தி மீண்டும் எழுத வேண்டும். இழப்பு சிறிதன்று. ஆயினும், உதவித்தொகையும் மேற்படிப்பு இடமும் அளவுக்கு உட்பட்டவை. தகாத மதிப்பெண் ஒருவரை முன்னே தள்ளினால், தகுதியுடைய மற்றொருவர் பின்னே தள்ளப்படுவார். மேலும், அதே பட்டியலில் வேறொருவருடைய 63 என்பது 36 என மாறியிருக்கவும் கூடும். இவள் வாய் திறந்தால் அவருக்கும் வழி பிறக்கும்.

முதலில், இருமுறை கூட்டிப் பார்த்தல் வேண்டும். திருத்துவோர் ஒரு விடைக்குத் தாராளமாக வழங்கிய மதிப்பெண் பிழையன்று. அஃது அவர்தம் தீர்ப்பு. கூட்டலிலும் பதிவிலும் நேர்ந்த தவறே பிழையாகும். பின்னர், பதிவெண், தாளின் பெயர், கண்ட வேறுபாடு ஆகியவற்றைக் குறித்து, கல்லூரி முதல்வர் வழியாகத் தேர்வாணையருக்கு எழுதுதல் வேண்டும். கடிதத்தின் படி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளல் நலம். நூற்றுக்கணக்கான தாள்களுக்கிடையே தவறிய கையைப் பழித்தல் கூடாது.

மறுமுறை எழுதி அவள் 45 பெறலாம். அது 63-ஐ விடக் குறைவே. ஆனால், அந்த 45-க்கு உரிய வேதியியல் அவளிடம் இருக்கும். நாளை மருந்துக் கலவையின் அளவைக் குறிக்கும் பொறுப்பு அவளுக்கு வருமாயின், தந்தையைப் போன்ற தொழிலாளரைக் காப்பது அவ்வறிவே அன்றோ?