தமிழ்ப் புனைகதையில் மும்பை

மாநகரம் இலக்கியத்தில் ஒரே முகத்துடன் தோன்றுவதில்லை. படைப்பாளர் நின்று காணும் இடமே அதன் உருவை வரையறுக்கிறது. இதற்கு மும்பை தக்க சான்றாகும்.

1972இல் வேலை தேடி அங்குச் சென்றவர் நாஞ்சில் நாடன். அவருடைய 'மிதவை' (1986), 'எட்டுத்திக்கும் மதயானை' (1998) ஆகிய புதினங்கள் நகரை வந்துசேர்பவனின் நோக்கில் காட்டுகின்றன. முன்னதில் வேலையற்ற பட்டதாரியும், பின்னதில் ஊரைவிட்டு ஓடிய இளைஞனும் அங்குச் சேர்கின்றனர். பிழைப்பே அவர்கள் நகரை அளக்கும் கோல்.

அந்நகரிலேயே நெடுங்காலமாக வாழும் அம்பை, 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (2014) தொகுப்பில் சுதா குப்தா என்னும் துப்பறியும் பெண்ணைப் படைக்கிறார். இவளுக்கு நகரம் சேருமிடமன்று, வாழுமிடம். எனவே அவள் பார்வை தெருவைக் கடந்து வீடுகளுக்குள் செல்கிறது.

இவ்விரண்டின் வேறாக மூன்றாம் நோக்கு ஒன்றும் உண்டு. அது தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் பிறந்து வளர்ந்த தமிழருடையது. அவர்தம் பேச்சில் இந்தியும் மராத்தியும் கலக்கின்றன. மராத்தியக் கவிஞர் நாம்தேவ் தசால், மும்பையின் விளிம்புநிலை மக்களது பேச்சையே 'கோல்பிதா'வில் கவிதைமொழியாக்கினார். தமிழிலோ, கலப்புமொழியைப் பிழையென ஒதுக்கின், அம்மக்களின் மும்பை பதிவாகாமலே போய்விடும்.