கூடுவது முயற்சியா, அறிவா?

1930-களின் நடுவில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள், பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமைன் மருந்தை மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அது தூக்கத்தை விரட்டுகிறது என்ற பேச்சு மாணவர்களிடையே பரவியது. தேர்வு நெருங்கியதும் பலர் தாங்களாகவே வாங்கி விழுங்கினார்கள். இன்று அந்த இடத்தில் அட்டரால், ரிட்டலின், மோடாஃபினில். முதல் இரண்டும் ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருபவை. அவர்களுக்கு உண்மையிலேயே உதவுபவை. குறைபாடு இல்லாதவர் விழுங்கினால் அறிவு கூடுமா?

மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய மருந்துகளை ஆரோக்கியமான 40 பேரிடம் சோதித்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். கொடுத்த கணக்கு இது: ஒரு பை இவ்வளவு எடைதான் தாங்கும். எதிரே பல பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, ஒரு மதிப்பு. பை தாங்கும் அளவுக்குள் அதிக மதிப்புள்ளதாகப் பொறுக்கி நிரப்ப வேண்டும். கேட்க எளிது. ஆனால் 10 பொருள்கள் இருந்தால் எடுப்பதும் விடுவதுமாக 1,024 வழிகள். 20 என்றால் பத்து லட்சத்தையும் தாண்டும். எல்லாவற்றையும் முயன்று பார்க்க நேரமில்லை. எங்கே தேடுவது என்ற நிதானம்தான் கைகொடுக்கும்.

வெற்று மாத்திரை எடுத்தபோதைவிட, மருந்து எடுத்தபோது அதே ஆட்கள் அதிக நேரம் உழைத்தார்கள். பொருள்களை அதிக முறை மாற்றி மாற்றி வைத்தார்கள். விடை மேம்படவில்லை, ஒவ்வொரு நகர்த்தலின் தரமும் குறைந்தது. வெற்று மாத்திரையோடு சராசரிக்கு மேல் நின்ற பலர், மருந்தோடு சராசரிக்குக் கீழே இறங்கினார்கள்.

காரணம் மூளையின் வேதியியலில் இருக்கிறது. இம்மருந்துகள் நரம்புச் செல்களுக்கு இடையே டோபமினைக் கூட்டுகின்றன. ரிட்டலினும் அட்டராலும் நார்அட்ரினலினையும் உயர்த்துகின்றன. வேலையில் இறங்கும் வேகம் வருகிறது. ஆனால் திட்டமிடும் மூளையின் முன்பகுதிக்கு இந்த வேதிப்பொருள்கள் அளவோடு தேவை. குறைந்தாலும் கெடுதி, மிகுந்தாலும் கெடுதி. ஏற்கெனவே போதுமான அளவு உள்ளவருக்கு மேலும் ஊற்றினால், முயற்சி பெருகி ஒழுங்கு சிதறுகிறது.

இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவது, அடிமையாகும் ஆபத்து, படித்ததை நினைவில் பதிக்கும் தூக்கத்தை இழப்பது எல்லாம் இதற்கு மேல். இவ்வளவு இருந்தும் இந்தப் பழக்கம் ஏன் ஓயவில்லை? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2013 ஆய்வில் 46 பேரின் சோதனை மதிப்பெண்கள் அட்டராலால் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆனால் மருந்து எடுத்த அன்று நன்றாகச் செய்ததாக அவர்கள் நம்பினார்கள். மருந்தின் பலனை எடைபோடும் மூளையே மருந்தின் பிடியில் இருக்கிறது. அதனால்தான் ‘எனக்கு வேலை செய்தது’ என்ற நண்பனின் சாட்சியத்தை இந்த விஷயத்தில் நம்ப முடியாது.