மண்ணுக்குள்ளே தோன்றிய ஊர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கன்சாஸ் மாநிலத்திலே, சொலமன் என்னும் ஆற்றின் தென்கிளையை அடுத்து, நிக்கொடீமஸ் என்றொரு சிற்றூர் உளது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே வாழ்ந்தோர் 14 பேர் மாத்திரமே. ஊரின் தபாற்கந்தோர் 1953இல் மூடப்பட்டது. இத்தகைய ஊரை 1996ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுத் தலமாகப் பிரகடனஞ் செய்தது. பதினால்வர் வாழும் ஊருக்கு இப்பெருமை எங்ஙனம் வந்தது? அதனை அறிய வேண்டுமாயின் நாம் 1877ஆம் ஆண்டுக்குச் செல்லுதல் வேண்டும்.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது தென்மாநிலங்களிலே அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் சட்டப்படி விடுதலை பெற்றனர். பெற்ற விடுதலையைக் காப்பதற்குக் கூட்டரசின் படைகள் சில காலம் தெற்கிலே நின்றன. 1877இல் அக்காவல் நீங்கியது. பழைய எசமானரிடமே குத்தகைக்கு நிலம் பெற்று, விளைவிற் பாதியை அவர்க்கு அளந்து, எஞ்சியதைக் கடனுக்குக் கொடுத்து வாழும் நிலைக்கு அம்மக்கள் தள்ளப்பட்டனர். வாக்குரிமையும் ஏட்டளவில் நின்றது. நிலமில்லாதவனுக்கு விடுதலை அரைவிடுதலையே என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியிருக்கவில்லை.

மேற்கே நிலம் இருந்தது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, ஐந்தாண்டு தங்கியிருந்து பயிர் செய்வோர்க்கு 160 ஏக்கர் நிலம் சொற்பக் கட்டணத்தோடு உரிமையாகும். அன்றியும், கன்சாஸ் என்ற பெயரே அம்மக்களுக்கு இனித்தது. அடிமை முறையை ஏற்பதா மறுப்பதா என்று 1850களிற் குருதி சிந்திப் போராடி, மறுத்து நின்ற மண் அது. உவிலியம் ஹில் என்னும் வெள்ளையர் ஒருவரும், உவிலியம் சிமித் என்னும் கறுப்பினப் போதகரும் வேறு சிலரோடு கூடி 1877இல் ஓர் ஊர்க் கழகம் அமைத்தனர். சிமித் தலைவர், ஹில் தனாதிகாரி. கெண்டக்கி மாநிலத்துத் தேவாலயங்களுக்குச் சென்று, வளமிக்க மண்ணும் வேட்டை விலங்குகளும் நிறைந்த நாடொன்று காத்திருக்கிறதென்று பேசினர். துண்டுப் பிரசுரங்களும் வழங்கினர். நிலம் விற்க முனைவோரின் பேச்சு எந்நாட்டிலும் ஒரு தன்மையதே போலும்!

அவ்வாண்டு புரட்டாதி மாதத்திலே 300 பேருக்கு மேற்பட்டோர் கெண்டக்கியிலிருந்து வந்து சேர்ந்தனர். எல்லிஸ் என்னும் ஊர்வரை புகையிரதம். அதற்கப்பால் ஏறத்தாழ 35 மைல் நடையும் வண்டியும். வந்து பார்த்தால் ஊர் எங்கே? மரம் இல்லை; வீடு இல்லை; கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியே. அடுத்த இளவேனிலில் வந்த போதகர் ஹிக்மனின் மனைவி உவில்லியானா, பிற்காலத்திலே தம் அனுபவத்தைச் சொல்லி வைத்திருக்கிறார். ஊர் தெரிகிறது என்று ஆடவர் ஆரவாரித்தபோது அவர் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லையாம். கணவர் சுட்டிக்காட்டிய இடத்தில் நிலத்திலிருந்து புகை மாத்திரம் எழுந்துகொண்டிருந்தது. முன்னே வந்தோர் நிலத்தை அகழ்ந்து, குழிவீடுகள் அமைத்து, அவற்றினுள்ளே வாழ்ந்துகொண்டிருந்தனர். அது கண்ட அம்மையார் அழுதுவிட்டார்.

குழிவீடு என்பது வறுமையின் அடையாளம் மாத்திரமன்று. மரமற்ற நாட்டிலே மனிதன் கண்ட உபாயமும் அதுவே. மேட்டுநிலத்தின் சரிவைக் குடைந்து, முன்புறத்தைப் புற்கட்டிகளால் அடைத்து, மேலே கிளைகளும் மண்ணும் பரப்புவர். குளிர்காலக் காற்று மேலே வீச, உள்ளே ஓரளவு வெதுவெதுப்பாயிருக்கும். அடுப்பெரிக்கச் சூரியகாந்தித் தண்டும் காட்டெருமையின் உலர்ந்த சாணமும் உதவின. ஆனால் அடுப்பில் ஏற்றுவதற்கு உணவு வேண்டுமே! விதைப்புக் காலம் கழிந்தபின் வந்தவர்கள் அவர்கள். ஏர்களும் குதிரைகளும் மிகச் சிலவே. ஹில்லின் மேல் எழுந்த சினம் சொல்லுந்தரமன்று. பல குடும்பங்கள் வந்த வழியே திரும்பின.

அம்முதற் குளிர்காலத்திலே ஒசேஜ் என்னும் பழங்குடியினர் வேட்டை முடித்து அவ்வழியாக வந்தனர். பசித்திருந்தோரைக் கண்டு தம் இறைச்சியிற் பங்கு கொடுத்துச் சென்றனர் என்பது ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி. அந்த ஒசேஜ் மக்களோ, சில ஆண்டுகளுக்கு முன்னரே கன்சாஸ் மண்ணிலிருந்து தெற்கே பெயர்த்தனுப்பப்பட்டவர்கள். நிலம் இழந்தவர்கள் நிலம் தேடி வந்தவர்க்கு உணவளித்த இக்காட்சியை வரலாற்று நூல்கள் ஒரு வரியிற் கடந்து செல்வது எமக்கு வியப்பாகவே இருக்கிறது.

தங்கியவர்கள் மண்வெட்டியாலும் கோடரியாலும் புற்றரையைப் பிளந்து விதைத்தனர். சிமித்தின் மகளாகிய செனி பிளெச்சர் தம் குழிவீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லத் தொடங்கினார். எழுதப் படிக்கக் கற்பிப்பதே குற்றமென்று பல தென்மாநிலங்கள் சட்டமியற்றியிருந்த காலத்துக்கும் இந்த மண்ணறைப் பள்ளிக்கும் இடையே ஒரு தலைமுறை கூடச் செல்லவில்லை என்பதை மாணவர் மனங்கொள்வாராக. அவர் கணவர் சக்கரி பிளெச்சர் முதல் தபாலதிபராயினார். பின்னர் விடுதியொன்றும் நடத்தினார். படிப்படியாகக் குழிவீடுகள் மறைந்து, புற்கட்டி வீடுகளும் சுண்ணக்கல் வீடுகளும் எழுந்தன. 1880களின் நடுவிலே கடைகள், தேவாலயங்கள், விடுதிகள், இரு பத்திரிகைகள் எல்லாம் அங்கிருந்தன. ஊரில் வாழ்ந்த எட்வேட் மக்கேப் 1882இல் மாநிலக் கணக்காய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கன்சாஸ் முழுவதற்குமான பதவியொன்றுக்குத் தேர்தல் மூலம் வந்த முதற் கறுப்பினத்தவர் அவரே.

இனி வேண்டியது புகையிரதம் ஒன்றே. அக்கால மேற்குப் புலத்தில் இருப்புப்பாதை தொட்ட ஊர் வாழும். தொடாத ஊர் தேயும். 1887இல் ஊரார் வாக்களித்து, மிசூரி பசிபிக் கம்பனிக்கு 16,000 டொலர் கடன்பத்திரம் வழங்க இசைந்தனர். குழிவீட்டில் தொடங்கிப் பத்தாண்டும் நிறையாதவர்கள் இத்தொகையைத் தலைமேற் கொள்ளத் துணிந்தனர் என்றால் அவர்களுடைய ஆசையின் அளவு விளங்கும். ஆயினும் பேச்சு முறிந்தது, கம்பனி வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் கம்பனி ஆற்றின் மறுகரையில், சில மைல் தொலைவிலே பாதை போட்டது. அதனருகே போக் என்னும் புதிய ஊர் முளைத்தது. நிக்கொடீமஸ் வணிகர் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு அங்கே சென்றனர். வணிகரை நாம் குறை கூறவில்லை. சரக்கு வரும் இடத்திற்குத்தான் கடையும் போகும். நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போக இயலாத உழவர்கள் நின்றுகொண்டனர்.

புகையிரதம் ஒன்றே ஊரைக் கொன்றதென்று சிலர் எழுதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1930களிலே வறட்சியும் புழுதிப் புயலும் அப்புலம் முழுவதையும் வாட்டின, விலைகள் வீழ்ந்தன. பின்னர் உழவு இயந்திரங்கள் பெருகப் பெருகப் பண்ணைகள் பெருத்தன, குடும்பங்கள் அருகின. புகையிரதம் பெற்ற போக்கின் இன்றைய குடித்தொகையும் 200ஐ எட்டவில்லை!

இப்பொழுது அங்கே செல்வோர் ஐந்து பழங் கட்டடங்களைக் காணலாம்: இரு தேவாலயங்கள், விடுதி, 1918இல் எழுந்த பள்ளிக்கூடம், 1939இல் உள்ளூர்ச் சுண்ணக்கல்லால் அமைத்த ஊர்மன்றம். புகழ்பெற்ற காற்பந்து வீரர் வெரில் சுவிற்சர் 1932இல் இவ்வூரிற் பிறந்தவர். கிரீன்பே அணிக்கு ஆடிய அவர், பின்பு கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிருவாகப் பணி புரிந்து 2022இல் மறைந்தார்.

ஆண்டுதோறும் ஆடி மாத இறுதியில் இவ்வூரார்க்கு ஒரு திருநாள் உண்டு. 1834ஆம் ஆண்டு ஓகத்து முதலாந் திகதி மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றதை நினைந்து முன்னோர் தொடங்கிய விழா அது. தம் நாட்டு விடுதலை நாளை விடுத்துக் கடலுக்கப்பாலுள்ளோர் விடுதலை பெற்ற நாளை அவர்கள் கொண்டாடினர். இன்று அது ஊர் திரும்பும் விழாவாக நடைபெறுகிறது. தொலைநகரங்களிற் குடியேறிய கொள்ளுப்பேரர்கள் பிள்ளை குட்டிகளுடன் வந்து இறங்குவர். ஊர்மன்றம் நிறைந்துவிடும். பதினால்வர் ஊரில் அந்தச் சில நாள்களுக்கு நூற்றுக்கணக்கானோர் உண்டு, ஆடி, பாடி, மூதாதையர் கல்லறைகளைக் கண்டு செல்வர்.