சயனக் கோலத்தில் ஒரு சொகுசு கார்!

காலை ஐந்தரை மணிக்கு திண்டிவனத்திலிருந்து நண்பனின் போன். "மாப்ளே, வண்டி மறுபடியும் படுத்துடுச்சுடா!"

போய்ப் பார்த்தேன். செஞ்சி பக்கத்து சிங்கவரம் ரங்கநாதர் மாதிரி வாசலில் அனந்தசயனம்! டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை.

பதினைந்து வயசான வெளிநாட்டு எஸ்.யு.வி. அது. புதுசில் முக்கால் கோடி. நண்பன் வாங்கியது ஒரு புது சின்ன கார் விலைக்கு. யானையை சல்லிசாக வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிற கதை.

இந்த ரக வண்டிகளில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் நான்கு மூலையிலும் ரப்பர் காற்றுப் பைகள். ஒரு சின்ன எலெக்ட்ரிக் கம்ப்ரசர் காற்றை அடிக்கும். வால்வு பிளாக் அதைப் பங்கு பிரிக்கும். 'இந்த மூலை தாழ்ந்துபோச்சு' என்று கம்ப்யூட்டருக்குக் கோள் சொல்வது சென்சார் வேலை.

நண்பன் ஏற்கெனவே இரண்டு முறை கம்ப்ரசர் மாற்றிவிட்டான். இப்போது இருப்பதும் முனகுகிறது. அடுத்ததற்காக மனைவியின் வளையல் அடகுக் கடைக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. நான் படித்தது பி.காம்.தான். ஆனாலும் ஒரே செலவு மூன்றாம் தடவை வந்தால், கணக்கில் எங்கோ ஓட்டை என்று தெரியாதா?

கால் மணி நேரம் முனகி எழுந்த வண்டியை, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி உருட்டிக்கொண்டு விழுப்புரம் போனோம். அங்கே ஆம்னி பஸ்களுக்கு வைத்தியம் பார்க்கும் மேஸ்திரி ஒருவர். பஸ்ஸிலும் காற்றுப் பை உண்டே!

கதையைக் கேட்டுச் சிரித்தார். "பஸ்ஸுல கம்ப்ரசரை இன்ஜினே ஓட்டுது சார். சின்ன லீக்னா சமாளிச்சுக்கும். இது பொடிப் பையன். கொஞ்ச நேரம் ஓடிட்டு ரெஸ்ட் எடுக்கணும். ஓட்டைப் பைக்கு நாள்பூரா காத்தடிச்சா சாகாம என்ன பண்ணும்? செத்தவனையே மாத்திக்கிட்டு இருக்கீங்க... கொன்னவன் யாருன்னு பார்க்கலையே!"

"நாலு பக்கமும்ல இறங்குது?" என்றான் நண்பன்.

அங்கேதான் சூட்சுமம். சில வண்டிகள் நிறுத்திய பிறகும் நடுராத்திரியில் விழித்துக்கொள்ளும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால், மற்ற மூன்றிலும் காற்றை இறக்கிச் சமன் செய்துவிடும். ஒருவன் திருட, நாலு பேர் மாட்டிக்கொள்கிற மாதிரி.

மேஸ்திரி பேட்டரி ஒயரைக் கழற்றினார். நான்கு மட்கார்டின் உயரத்தையும் டேப் பிடித்து எழுதிவைத்தார். மறுநாள் காலை, முன்பக்க இடது மூலை மட்டும் மூன்று விரல்கடை இறக்கம்! வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, பையின் மடிப்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். பொசுபொசுவென்று நுரை. வண்டி தாழ்ந்திருந்தால் அந்த வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

அதோடு விடவில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் குருணை நமத்துப் போயிருந்தது, அதை மாற்றினார். இல்லாவிட்டால் ஈரம் வால்வு பிளாக்குக்குள் போய் அடுத்த தகராறு. ரிலேயையும் மாற்றினார். அது ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகும்.

இது நண்பனுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. 1957-ல் காடிலாக் எல்டொராடோ புரோகாம் காற்று சஸ்பென்ஷனோடு வந்தது. காற்று கசிந்து கசிந்து, பல சொந்தக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டு இரும்பு ஸ்பிரிங்குக்கே மாறினார்கள். 1992-ல் ரேஞ்ச் ரோவர் மூலம் இது ஜீப் ரக வண்டிகளுக்கும் வந்தது. ரப்பர் என்றைக்கும் ரப்பர்தான், வயசானால் வெடிக்கும்.

பழைய சொகுசு வண்டி வாங்கும் ஆசை இருந்தால், முதல் நாள் ராத்திரி நிறுத்தி, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். படுத்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். முக்கியமாக, காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். பை இறங்கினால் ஆள் காலி!

வளையல் பத்திரமாகக் கைக்குத் திரும்பியது. முழுக் கதையையும் கேட்ட நண்பனின் மனைவி சொன்னார்:

"அப்படியே அந்த மேஸ்திரியை நம்ம வீட்டுக்கும் வரச் சொல்லுங்க. தண்ணி மோட்டாரை மூணாவது தடவை மாத்தப்போறீங்களே... டாங்க்ல ஓட்டை இருக்கான்னு பார்க்கட்டும்!"