பலூன் சுட்டவன் ரைபிள் வாங்கலாமா?

மாசி மாதம் வந்தால் தீர்த்தமலையில் திருவிழா. மொரப்பூர், அரூர் வட்டாரத்து ஜனங்கள் பஸ் பிடித்துப் போவார்கள். சாமி கும்பிட்டு மலை இறங்கியதும் பையன்கள் ஓடுவது எங்கே? பலூன் சுடும் கடைக்கு!

பலகையில் வரிசையாகப் பலூன்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. பையன் துப்பாக்கியைத் தோளில் வைக்கிறான். ஒரு கண்ணை மூடுகிறான். "டப்!" பலூன் வெடித்தால் அவனுக்குத் தலைகால் புரியாது. தவறிப் போனால், "துப்பாக்கி சரியில்லை" என்பான்.

அவன் சொல்வதிலும் உண்மை உண்டு. நாள் முழுவதும் கை மாறும் துப்பாக்கி அது. குறி பார்க்கும் முளை வளைந்திருக்கும். ஒன்று இடது பக்கம் இழுக்கும். இன்னொன்று கீழே இறக்கும். கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும்!

வீடு திரும்பும்போது பையன் மெல்ல ஆரம்பிக்கிறான். "அப்பா, எனக்கு ஒரு ரைபிள் வாங்கிக் குடுப்பா."

அப்பா சிரிக்கிறார். "போடா, வேற வேலை இல்லை" என்கிறார்.

ஆனால், சிரித்துத் தள்ளிவிட வேண்டிய பேச்சு அல்ல அது. சென்னை மெரினா கடற்கரையில் ஒரு குழந்தை பொம்மைத் துப்பாக்கியால் பலூன் சுட்டது. அப்போது அதற்கு வயது 2 என்று சொல்வார்கள். அதைப் பார்த்துத்தான் தந்தைக்கு எண்ணம் பிறந்ததாம். அந்தக் குழந்தையின் பெயர் ககன் நரங். 2012-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் வாங்கித் தந்தவர் அவர்.

ஆகவே, பையனின் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

காற்றா? மருந்தா?

குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் இரண்டு வகைத் துப்பாக்கிகள் முக்கியமானவை.

ஒன்று, காற்றுத் துப்பாக்கி. அதாவது ஏர் ரைபிள். பலூன் கடையில் இருப்பது இந்த ஜாதிதான். இதில் மருந்து கிடையாது. நெருப்பும் கிடையாது. அமுக்கி வைத்த காற்று, சின்ன ஈய ரவையைத் தள்ளுகிறது. ரவையைப் "பெல்லட்" என்பார்கள். அதன் எடை அரைக் கிராம் அளவுதான்.

மற்றொன்று, "பாயிண்ட் டூ டூ" ரைபிள். குழலின் வாய் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு. அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். தேசிய மாணவர் படையில் சேர்ந்த பிள்ளைகள் இதைத் தொட்டிருப்பார்கள். என்.சி.சி. முகாமில் மண்ணில் படுத்துக்கொண்டு சுடுகிறார்களே, அந்தத் துப்பாக்கிதான்.

இதன் தோட்டாவில் ஒரு விசேஷம் இருக்கிறது.

விளிம்பில் நெருப்பு

பெரிய ரைபிள் தோட்டாவின் அடியைப் பார்த்தால், நடுவில் பொட்டு வைத்தாற்போல ஒரு சின்னக் குமிழ் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்தப் பொட்டில் அடிக்கும். நெருப்பு பிறக்கும்.

.22 தோட்டாவில் அந்தப் பொட்டு இல்லை. அடியில் ஒரு விளிம்பு மட்டும் உண்டு. தட்டின் ஓரம் மடிந்திருப்பது போல இருக்கும். அந்த மடிப்புக்குள்ளே தீப்பற்றும் மருந்தைப் பூசியிருப்பார்கள். ஊசி விளிம்பை நசுக்கும். மருந்து பற்றும். குண்டு பறக்கும். அதனால்தான் இதற்கு "ரிம்பயர்" என்று பெயர்.

1845-ம் ஆண்டில் பிரான்சு நாட்டுத் துப்பாக்கித் தொழிலாளி புளோபேர் இந்த யுக்தியைக் கண்டார். வீட்டுக் கூடத்துக்குள்ளேயே பொழுதுபோக்காகச் சுடுவதற்காக அவர் செய்த சின்னத் தோட்டா அது. இன்று உலகம் முழுவதும் ஓடும் ".22 லாங் ரைபிள்" தோட்டா 1887-ம் ஆண்டில் அமெரிக்காவில் வந்தது. 137 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதை அசைக்க முடியவில்லை!

காரணம், அதன் எளிமை. ஊசி நசுக்க வேண்டும் என்பதால் கூடு மெல்லியதாக இருக்கிறது. கூடு மெல்லியது என்பதால் மருந்து கொஞ்சம்தான் போட முடியும். ஆகவே தோளில் உதை இல்லை. சத்தம் குறைவு. செலவும் குறைவு. ஒரு குறையும் உண்டு. சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. தூர எறிய வேண்டியதுதான்.

சின்னத் தோட்டாதானே என்று அலட்சியம் கூடாது. குண்டின் எடை இரண்டரைக் கிராமுக்குச் சற்று அதிகம். அது ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம்கூடப் போகும். மொரப்பூர் ரெயில் நிலையத்தில் நின்று சுட்டால் ஊரைத் தாண்டிக் காட்டில் வேலை செய்பவர் மேலும் விழலாம். ஆகவே, பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் யாரும் சுடுவதில்லை.

எந்தத் துப்பாக்கி?

விலை உயர்ந்த துப்பாக்கிதான் குறி தவறாது என்பது பலருடைய எண்ணம். ஜெர்மனி துப்பாக்கி வைத்திருப்பவரைப் பார்த்தால் கண் விரியத்தான் செய்யும். ஆனால், புதிதாகப் பழகுகிறவருக்கு அது தேவை இல்லை.

ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போட்டு, கையால் தாழை இழுத்து மூடும் ரைபிள் போதும். கொல்கத்தா பக்கத்தில் உள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை .22 ரைபிள் செய்திருக்கிறது. அத்தகைய சாதாரணத் துப்பாக்கியில் பழகியவர்கள் ஏராளம்.

பார்க்க வேண்டியது மூன்று. முதலில் கட்டை. தோளில் வைத்ததும் கழுத்தை நீட்டாமல், குனியாமல் கண் நேராகக் குறிக்கு வர வேண்டும். சட்டைக்கு அளவு எடுப்பது போலத்தான் இதுவும். அண்ணனுக்குப் பொருந்தியது தம்பிக்குப் பொருந்தாது. இரண்டாவது, விசை. ஒவ்வொரு தடவையும் ஒரே கனத்தில் விசை விழ வேண்டும். மூன்றாவது, குழலின் வாய். அங்கே ஒரு கீறல் இருந்தாலும் குண்டு வழி மாறும். பழைய துப்பாக்கி என்றால் இதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. தோட்டா இல்லாமல் .22 ரைபிளை "டிக், டிக்" என்று சும்மா தட்டுவது சிலருக்குப் பழக்கம். அது ஆகாது! ஊசி விளிம்புக்குப் பதிலாக இரும்பில் இடிக்கும். இடமும் கெடும், ஊசியும் கெடும்.

எந்தத் தோட்டா?

செலவு மூழ்கடிக்கும் இடம் இதுதான். துப்பாக்கி ஒரு தடவைச் செலவு. தோட்டா தினச் செலவு.

ஒரு கணக்குப் பாருங்கள். 50 மீட்டர் ரைபிள் போட்டியில் முழங்காலிட்டு 20, படுத்து 20, நின்று 20. ஆக, 60 முறை சுட வேண்டும். தோட்டாப் பெட்டியில் இருப்பது 50. தினம் 60 வீதம், வாரம் 5 நாள், 50 வாரம் பழகினால் எவ்வளவு? 15 ஆயிரம் தோட்டா! நடுத்தரக் குடும்பம் என்ன செய்யும்?

இங்கேதான் புத்தியாக வாங்கத் தெரிய வேண்டும்.

வேகமாகப் போகும் தோட்டா நல்ல தோட்டா என்று நினைப்பது தவறு. ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகிறது. அதைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்துக்கு இறங்கும்போது கொஞ்சம் தள்ளாடும். அதனால் குறி சுடுகிறவர்கள் ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவைத்தான் தேடுவார்கள். பெட்டியில் "ஹை வெலாசிட்டி" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

அப்படியானால் விலை உயர்ந்த தோட்டாவில் என்னதான் இருக்கிறது? எல்லாத் தோட்டாவும் ஒன்றுபோல இருக்கும். அவ்வளவுதான்! மலிவுத் தோட்டாவில் ஒன்றில் மருந்து ஒரு துளி கூட, ஒன்றில் ஒரு துளி குறைய இருக்கும். வினாடிக்கு 10 மீட்டர் வேகம் மாறினால், 50 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் மேலே அல்லது கீழே போய்விடும். பத்து மதிப்பெண் வட்டத்தின் அகலமே 10.4 மில்லிமீட்டர்தான். ஒரு ரூபாய்க் காசின் அகலத்தில் ஏறத்தாழப் பாதிதான்!

ஆனால், புதிதாகப் பழகுகிறவரின் கை ஆட்டமே அதைவிடப் பெரிது. அவருக்கு எதற்கு இங்கிலாந்துத் தோட்டா? மலிவானதே போதும். நம் நாட்டில் புனே அருகே கட்கி தொழிற்சாலையில் .22 தோட்டா செய்திருக்கிறார்கள். பழகப் பழக, கை நின்றபிறகு, நல்ல தோட்டாவைப் போட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு ரகசியம். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும். அது விலை உயர்ந்ததாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது! மூன்று, நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்க வேண்டும். துப்பாக்கியை மணல் மூட்டை மேல் வைத்து, ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்தாகச் சுட வேண்டும். அட்டையில் ஓட்டைகள் எதில் நெருக்கமாக விழுகின்றன என்று அளந்து பார்க்க வேண்டும். எந்தப் பெட்டி நெருக்கமோ, அதையே வாங்க வேண்டும். பெட்டியின் மேல் ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஒரே நாளில், ஒரே மருந்தில் செய்த சரக்குக்கு ஒரே எண். காசு இருக்கும்போது அந்த எண்ணிலேயே சேர்த்து வாங்குவது கெட்டிக்காரத்தனம். சேலை எடுக்கும் பெண்கள் ஒரே சாயத் துணியா என்று பார்ப்பார்களே, அதே சங்கதிதான்.

சுடும்போது சில தோட்டா வெடிக்காமல் போகும். மலிவுச் சரக்கில் இது சகஜம். உடனே தாழைத் திறக்கக் கூடாது. குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

கலெக்டர் ஆபீசு

.22 ரைபிள் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கும் பொருள் அல்ல. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாவட்டத்தில் அதைக் கொடுப்பவர் கலெக்டர். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். போலீசார் விசாரித்து அறிக்கை கொடுப்பார்கள். தோட்டாவுக்கும் அளவு உண்டு. வருடத்துக்கு எத்தனை என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

பள்ளிக்கூடப் பையன் என்ன செய்வது? அவனுக்கு இரண்டு வழி. ஒன்று, என்.சி.சி. அங்கே துப்பாக்கியும் சர்க்காருடையது, தோட்டாவும் சர்க்காருடையது. மற்றொன்று, ரைபிள் கிளப். சென்னை, கோயம்புத்தூர், திருச்சி ஆகிய ஊர்களில் கிளப்கள் இருக்கின்றன. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கப் பழகலாம்.

காற்றுத் துப்பாக்கி வாங்குவதானால் சங்கடம் குறைவு. குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமல் இருந்தால் உரிமம் தேவை இல்லை. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் அப்படிச் சொல்கின்றன. பெல்லட் விலையோ தோட்டா விலையில் ஒரு சிறு பங்கு. இலக்கும் 10 மீட்டர் தூரம்தான். நீளமான கூடம் ஒன்று போதும்.

விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பெல்லட் கண்ணைப் பறித்துவிடும். கிளி, கொக்கு, மயில் என்று சுடக் கிளம்பினால் வனத்துறை வந்து நிற்கும்.

மலையோரத்துத் துப்பாக்கி

தர்மபுரி மாவட்டத்தில் இன்னொரு துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றி வந்து கடலையையும் மரவள்ளியையும் தோண்டிப் போட்டால் விவசாயிக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலில் நாட்டுத் துப்பாக்கியைத் தேடுகிறவர்கள் உண்டு. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு இடிக்கும் துப்பாக்கி அது. குழல் எப்போது பிளக்கும் என்று செய்தவருக்கே தெரியாது. பிளந்தால் போவது சுடுகிறவரின் விரலும் கண்ணும்.

உரிமம் இல்லாமல் அதை வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. 2019-ம் ஆண்டுத் திருத்தம் அது. "தாத்தா காலத்துத் துப்பாக்கி, பரணில் கிடந்தது" என்றாலும் கோர்ட்டு கேட்காது. அதை எடுத்துப் பையனுக்குக் குறி பழக்குகிற தந்தை, இருவரையும் ஆபத்தில் தள்ளுகிறார். போலீசார் ஒப்படைக்கச் சொல்லி அறிவிக்கும்போது கொடுத்துவிடுவதே நல்லது.

டிக்கெட் பரிசோதகர்

கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், காற்றுத் துப்பாக்கியைத்தான் பிடித்தார். 2019-ம் ஆண்டு ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் அகலம் அரை மில்லிமீட்டர். கடுகைவிடச் சிறிது!

.22 ரைபிளின் கதை வேறு. மராட்டிய மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்தில் கம்பல்வாடி என்று ஒரு கிராமம். அந்த ஊர்ப் பையன் சுவப்னில் குசாலே. தந்தை பள்ளிக்கூட ஆசிரியர். பையன் வருடக்கணக்காகச் சுட்டுப் பழகினான். சொந்தத் துப்பாக்கி இல்லை.

2015-ம் ஆண்டில் மத்திய ரெயில்வேயில் வேலை கிடைத்தது. ரெயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. அந்தச் சம்பளம் வந்தபிறகுதான் அவர் முதன் முதலாகச் சொந்த ரைபிள் வாங்கினார்.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி. பாரீஸ் ஒலிம்பிக். 50 மீட்டர் ரைபிள் போட்டியில் 451.4 புள்ளி எடுத்து வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அப்போது அவருக்கு வயது 28.